மண் மூழ்கினால் மக்களினமும் மூழ்க வேண்டுமா?



கடல் நிலத்தை விழுங்குவதைக் குறிக்கக் 'கடல்கோள்' என்னும் தனிச்சொல்லையே படைத்துக்கொண்ட இனம் தமிழினம். பழம்பாண்டி நாட்டைக் கடல் கொண்ட மரபினை இறையனார் களவியலுரை எடுத்துரைக்கின்றது. அத்தகைய இனத்தார்க்குப் பசிபிக் மாக்கடலின் நடுவே இன்று நிகழ்ந்துவரும் கொடுமையை விரித்துரைக்கத் தேவையில்லை. சுட்டிக் காட்டினாலே போதும்.

துவாலு என்பது ஒன்பது தீவுகள் கொண்ட குறுநாடு. மக்கள் ஏறத்தாழ 10,000 பேர். 1978 இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றனர். அவர்களுக்கென ஒரு மொழி உண்டு. ஆடலும் பாடலும் உண்டு. முன்னோரைப் புதைத்த மண் உண்டு. அம்மண் கடல்மட்டத்துக்கு மேல் பொதுவாக 2 மீட்டர் அளவே உயர்ந்து நிற்கின்றது. கிழங்கு விளைந்த குழிகளில் இன்று உப்புநீர் ஊறுகின்றது. பேரலை எழுந்தால் ஊருக்குள் கடல் புகுகின்றது. ஞாலத்தைச் சூடாக்கிய புகையைக் கக்கியவர்கள் இவர்கள் அல்லர். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் குவித்த நாடுகள் வேறு. அச்செல்வத்துக்கு விலையாகத் தம் மண்ணைக் கொடுக்கும் மக்கள் வேறு.

மண்ணை இழப்போர் எங்கே செல்வது? எந்தச் சட்டம் அவர்களைக் காக்கும்?

ஏதிலியர் நிலை பற்றிய 1951 ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை ஐந்து கரணியங்களையே ஒப்புகின்றது. இனம், சமயம், நாட்டினம், குமுகப் பிரிவு, அரசியற் கருத்து ஆகியவற்றுள் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சி ஓடிவந்தவனே ஏதிலி. புயலுக்கு அஞ்சி வந்தவனும் கடலுக்கு அஞ்சி வந்தவனும் அவ்வரையறைக்குள் வாரார். கடலுக்குச் சமயமும் இல்லை, அரசியலும் இல்லை. ஆகவே அது யாரையும் துன்புறுத்தவில்லை என்று சட்டம் கருதுகின்றது!

இதற்கொரு வழக்கே சான்று. கிரிபட்டி நாட்டின் தாராவாத் தீவிலிருந்து நியூசிலாந்து சென்ற ஒருவர், கடல் ஏறுவதால் தம் ஊரில் வாழவியலாது என்று முறையிட்டார். அந்நாட்டு உச்ச முறைமன்றம் 2015 இல் அவர் வேண்டுகையை மறுத்தது. அவர் திருப்பி அனுப்பப்பட்டார். ஒன்றிய நாடுகள் அவையின் மாந்த உரிமைக் குழுவிடம் வழக்குச் சென்றது. 2020 இல் வெளியான அதன் முடிவு இருமுகம் கொண்டது. தட்பவெப்ப மாற்றத்தால் உயிருக்கு இடர் நேரும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புதல் உரிமை மீறலாகலாம் என்று அது முதன்முதலாக ஒப்பியது. ஆயினும், தீவு வாழத் தகாததாக இன்னும் 10 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம், அதற்குள் காப்புப் பணிகள் நடைபெறலாம் என்று கூறி, அவரை அனுப்பியது தவறன்று என்றது. குழுவினருள் இருவர் மட்டும் மாறுபட்டனர். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பது தமிழ் மூதாட்டியும் அறிந்த உண்மை. அறிஞர் குழுவோ சாணையும் முழத்தையும் அளந்துகொண்டிருந்தது!

சட்டம் திருந்தினாலும் மற்றொரு வினா எஞ்சும். சட்டம் ஒற்றை ஆளையே பார்க்கின்றது. ஒரு குடும்பத்துக்கு இசைவுச்சீட்டுக் கொடுத்தால் அக்குடும்பம் உயிர் பிழைக்கும். பத்தாயிரம் பேரும் பத்துத் திசைகளில் சிதறிப்போனால் அவர்தம் மொழி பிழைக்குமா? பேரன் எம்மொழியில் தாலாட்டுக் கேட்பான்? ஒருவரும் கொல்லப்படாமலே ஓரினம் இறந்துபோகும் கொடுமை இது.

துவாலுவும் ஆத்திரேலியாவும் 2023 இல் பலேபிலி ஒப்பந்தம் செய்துகொண்டன. துவாலு மொழியில் அச்சொல் நல்லண்டைமையைக் குறிக்கும். ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆத்திரேலியாவில் குடியேறலாம். கடல் ஏறினாலும் துவாலுவின் அரசுநிலையும் இறைமையும் தொடரும் என்று ஆத்திரேலியா ஒப்பியது. 2024 ஆகத்துத் திங்களில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 இல் நடந்த முதற்குலுக்கலுக்கு 8,000-க்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். இது வரவேற்கத் தக்கதே. ஆயின், பிற நாடுகளோடு துவாலு காப்புறவு கொள்ள வேண்டுமாயின் ஆத்திரேலியாவின் உடன்பாட்டைப் பெறவேண்டும் என்னும் விதியும் அதனுள் உள்ளது. மூழ்குகின்றவனுக்குக் கைகொடுப்பது அறம். கைகொடுக்கும்போதே அவன் இறைமையின் ஒரு பங்கைக் கேட்பது வணிகம்.

இனமாகவே இடம்பெயர வழி உண்டா? உண்டு. 1900 முதல் 1979 வரை பனாபாத் தீவின் பாசுவர மண்ணை அயலார் அகழ்ந்தெடுத்தனர். அம்மண் ஆத்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாயிற்று. போரும் சூழ்ந்து தீவு பாழானபோது, 1945 முதல் பனாபா மக்கள் பிசி நாட்டின் இராபித் தீவில் குடியமர்த்தப்பட்டனர். தம் மண்ணை விற்ற வருவாயைக் கொண்டே அத்தீவு அவர்களுக்காக வாங்கப்பட்டது! அவ்விடப்பெயர்வு அயலார் பேராசையின் விளைவேயன்றித் தட்பவெப்பத்தின் விளைவன்று. எனினும் அவர்கள் ஓரிடத்தில் ஒருங்கு வாழ்ந்ததால் இனமாக நிலைத்தனர். கிரிபட்டி நாட்டு மன்றத்தில் இராபி மக்களுக்கென ஓர் இருக்கையும் உண்டு.

அரசுகளும் சற்றே விழித்துள்ளன. தம் நாடு என்றும் நிலைக்கும் என்று துவாலு 2023 இல் தன் அரசமைப்பிலேயே எழுதிக்கொண்டது. நிறுவப்பெற்ற நாடொன்று அதன் கூறுகளுள் ஒன்றை இழப்பதாலேயே நாடு என்னும் நிலையை இழந்துவிடாது என்னும் கருத்தைப் பன்னாட்டு முறைமன்றம் 2025 சூலை 23 அன்று வெளியிட்டது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர் சிலர் 2019 இல் தொடங்கிய முயற்சி, வனுவாத்து நாட்டின் முனைப்பால் அம்மன்றத்தை எட்டியது. சிறியோர் குரல் பெருமன்றம் ஏறும் என்பதற்கு இதுவே சான்று.

சட்டம் இல்லாத இடத்தில் அருளை நம்பி நிற்பது எத்துணைத் துயர் என்பதைத் தமிழர் அறிவர். 1951 உடன்படிக்கையில் இந்தியா இன்றளவும் கையெழுத்திடவில்லை. 1983 முதல் போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்க்கு ஆள்வோரின் இரக்கமே சட்டமாயிற்று. இரக்கம் ஆட்சிக்கு ஆட்சி மாறும், உரிமை மாறாது.

ஆதலின், தமிழன்பர்களே, உலகம் செய்யவேண்டுவன மூன்று. கடலும் புயலும் வறட்சியும் துரத்திய மக்களைக் காக்கும் பன்னாட்டுச் சட்டம் வேண்டும். அவர்களைச் சிதறடிக்காமல், தம் மொழியிலேயே கற்பிக்கும் பள்ளியோடு ஒருங்கே வாழ நிலம் வேண்டும். அவர்தம் இறைமையையும் கடலுரிமையையும் எவரும் விலைபேசாமை வேண்டும். இவற்றுக்கான செலவைப் புகை கக்கிய நாடுகளே ஏற்க வேண்டும்.

பத்தாயிரம் பேர் பேசும் மொழியாயினும் அது ஓரினத்தின் உயிர். தன்மொழிக்காகப் போராடிய இனம் பிறர்மொழி மூழ்குவதைக் கரையில் நின்று பார்த்திராது. துவாலு மக்களின் உரிமைக்குத் தமிழர் குரலும் துணைநிற்கட்டும்!