கால்நடை மருந்தை வீட்டில் வைப்பது எப்படி?

உழவியல் ஆசிரியன் மாட்டு மருந்தைப் பற்றி ஏன் பேசுகிறான் என நினைக்கலாம். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின், பயிருக்கும் அடிக்கும் பூச்சிக்கொல்லியே. மிச்சத்தை இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி மாடக்குழியில் வைத்தால், குழந்தைக்கு வேறுபாடு தெரியுமா?

ஆகவே, எந்த மருந்தையும் அதன் புட்டியிலேயே, சீட்டு கிழியாமல், வெயில் படாத இடத்தில், பெட்டியில் பூட்டி வையுங்கள். காலிப் புட்டியில் எண்ணெய் வாங்காதீர்கள். கோமாரித் தடுப்பூசி மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சி வேண்டும், உறையவும் கூடாது. அதை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

யாரேனும் தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியோடு மருத்துவமனைக்கு விரையுங்கள். சீட்டிலுள்ள பெயரே மருத்துவருக்கு வழிகாட்டும்.