மாடிக்கு மேலே ஒரு கப்பல்

சிங்கப்பூரின் மெரினா பே சாண்ட்ஸைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 55 மாடிக் கட்டடங்கள் மூன்று. அவற்றின் தலைமேல் குறுக்கே ஏற்றி வைத்த கப்பல் மாதிரி ஒன்று. 2010இல் திறந்த சூதாட்டக் கூடம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

நாகூர்க்காரனுக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை. கந்தூரி விழா வந்தால் எங்கள் தர்காவின் ஐந்து மினாராக்களிலும் பாய்மரம் ஏற்றுவார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா மட்டும் 131 அடி. அன்றைக்குக் கடற்கரையிலிருந்து பார்த்தால் ஊரே நங்கூரம் எடுக்கப் போகிற மாதிரி இருக்கும்.

மெரினா பே சாண்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம், தெலுக் ஆயர் தெருவில் இன்னொரு நாகூர் தர்கா! 1828க்கும் 1830க்கும் இடையில் நம் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் கட்டியது. நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது அடங்கியிருப்பது எங்கள் நாகூரில்தான். சிங்கப்பூரில் இருப்பது நினைவிடம். ஓட்டை விழுந்த கப்பலைக் காத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். கடல் தாண்டிப் பிழைத்து வந்தவன் கரையேறியதும் வேறு யாரை நினைப்பான்? சீன மாலுமிகளுக்கும் அதே நினைப்புதான். அவர்களுடைய கடல் தெய்வத்தின் கோயிலும் அதே தெருவில் இருக்கிறது. தமிழர்கள் 'குச்சுப் பள்ளி' என்று சொன்ன பள்ளிவாசலும் அங்கேதான்.

அந்தக் காலத்தில் அலை வந்து மோதியது அந்தத் தெருவில். பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து, இன்று சூதாட்டக் கூடம் நிற்பதே பழைய கடலின் மேல்தான்.

கூடத்துக்குள் போக வெளிநாட்டவருக்குக் கட்டணம் கிடையாது. உள்ளூர்க்காரர் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019க்கு முன்னால் 100. அதுவும் போதாதென்று, "எங்க வீட்டு ஆளை உள்ளே விடாதீங்க" என்று குடும்பத்தாரே விண்ணப்பித்துத் தடை வாங்கலாம். எங்கள் தெரு உம்மாமார்களைக் கேட்டு எழுதிய சட்டமோ என்று எனக்குச் சந்தேகம்.

சிங்கப்பூர் மாதிரி ஊர்களுக்குக் கடல்கடந்து போவதை நாகூரில் 'சபுர்' என்போம், போனவர் சபுராளி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரத்தில் 1985இல் தீப்பிடித்தது. கப்பல் சபுரும் அத்தோடு போயிற்று. இப்போது விமானம்தான்.

திரும்பி வந்த சபுராளியை மாலை நேரத்தில் வாடா கடை வாசலில் பார்க்கலாம். அரிசி மாவைக் கையில் தட்டி, மேலே இறாலைப் பதித்து எண்ணெயில் போடுகிறார்கள். ஓரம் சிவந்ததும் எடுத்துத் தாளில் வைத்துத் தருகிறார்கள். சூடு பொறுக்காமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே சபுராளி ஓரத்தைக் கடிக்கிறார். இறால் கடைசி வாய்க்கு.