தாழ்ப்பாள் யார் கையில்?

(பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சலவைக்கடையில் சட்டையைக் கொடுக்கின்றோம். கடைக்காரர் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் மையால் சிறு குறி இடுகின்றார். அதன் பொருள் அவருக்கு மட்டுமே தெரியும். நூறு சட்டைகளுக்கு நடுவே நம் சட்டை தவறாமல் நம் வீடு வந்து சேர அந்தக் குறி வேண்டும். அதனால் நமக்கு நட்டமில்லை, நன்மையே.

இனி இப்படி எண்ணிப் பாருங்கள். எவனோ ஒருவன், கடைக்காரருக்குக் காசு கொடுத்து, தன்னுடைய குறியையும் உங்கள் சட்டையில் இட்டுவிடுகின்றான். அந்தக் குறியைப் பார்த்துக் குறிப்பெழுத மருந்துக் கடையில் ஓர் ஆளை நிறுத்துகின்றான். அடகுக் கடையில் ஓர் ஆள். நூலகத்தில் ஓர் ஆள். நம் படிப்பகத்தின் வாசலிலும் ஓர் ஆள். மாலையில் குறிப்புகள் அனைத்தும் ஒரே பேரேட்டில் ஏறுகின்றன. உங்கள் பெயர் அவனுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. எந்த நோய்க்கு மருந்து வாங்கினீர்கள், எதை அடகு வைத்தீர்கள், எந்த ஏட்டைப் படித்தீர்கள் என்பது தெரியும். அந்தப் பேரேட்டை அவன் விலைபேசி விற்கின்றான். பொறுப்போமா?

தெருவிலே பொறுக்கமாட்டோம். இணையத்திலே பொறுத்துக்கொண்டிருக்கின்றோம், பலர் அறியாமலே.

பிரவுசர் என்று நாம் சொல்லும் உலாவியில் இடப்படுகின்ற அந்தக் குறிக்குக் 'குக்கீ' என்று பெயர். 1994ஆம் ஆண்டில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்ற இளைஞர் அதை உருவாக்கினார். நோக்கம் எளியது: ஒரு கடையின் பக்கத்தில் நாம் தெரிந்தெடுத்த பொருள், அடுத்த பக்கத்திற்குச் செல்லும்போது மறந்துபோகாமல் இருக்கவேண்டும். ஒவ்வோர் உலாவிக்கும் நிலையான ஓர் எண்ணைக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணமும் அவருக்கு எழுந்தது. அது மக்களைப் பின்தொடர வழி திறந்துவிடும் என்று அவரே அதைத் தள்ளிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் கட்டிய வீட்டிலும் கொல்லைப்புற வழி ஒன்று இருந்துவிட்டது. ஒரு பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் விளம்பரப் படம் ஒட்டப்பட்டிருந்தால், அந்தப் படத்தை அனுப்புகின்றவனும் தன் குறியை நம் உலாவியில் இடலாம். ஆயிரம் பக்கங்களில் அவன் விளம்பரம் இருந்தால், ஆயிரம் இடங்களிலும் அவன் நம்மை அடையாளம் காண்பான்.

இந்த ஆபத்தை அன்று எவரும் உணரவில்லை என்று எண்ணாதீர்கள்! இணையத்தின் விதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பு, 1997 பிப்ரவரியில் வெளியிட்ட ஆவணத்திலேயே, இப்படி மூன்றாம் ஆள் இடும் குறியை உலாவி தானாக ஏற்கக்கூடாது என்று எழுதிவைத்தது. ஆவணத்தை எழுதிய இருவருள் ஒருவர் அதே மாண்டுல்லி. விளம்பர நிறுவனங்கள் கூக்குரலிட்டன. அன்றைய பெரிய உலாவிகளான நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரரும் அந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை. பூட்டு செய்யத் தெரியும். பூட்டவேண்டும் என்ற அறிவுரையும் இருந்தது. பூட்ட மனம் இல்லை.

விளைவு என்ன? டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம், அமெரிக்க மக்கள் அஞ்சல்வழி வாங்கிய பொருள்களின் விவரங்களைப் பெயரோடும் முகவரியோடும் வைத்திருந்த அபாகஸ் நிறுவனத்தை 1999இல் விலைக்கு வாங்கியது. பெயரில்லாத குறியையும் பெயருள்ள பேரேட்டையும் இணைப்பது திட்டம். எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் வந்தன, அரசின் வணிக ஆணையம் விசாரணை தொடங்கியது. 2000 மார்ச்சில், தவறு செய்துவிட்டோம் என்று நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். மக்கள் சினந்தால் பேரேடும் மூடப்படும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்தச் சினம் அடங்கியபின் நடந்ததையும் கேளுங்கள்: 2008இல் அதே டபுள்கிளிக்கை கூகிள் தனதாக்கிக்கொண்டது, விலை 310 கோடி டாலர். 2016இல் கூகிள் தன் தனியுரிமைக் கொள்கையின் வரிகளை மாற்றி, விளம்பரக் குறிப்புகளையும் ஆளின் கணக்கையும் இணைப்பதற்கு இடம் வகுத்துக்கொண்டது. பதினாறு ஆண்டுக்கு முன்பு ஊரே எதிர்த்த ஒன்று, சில சொற்களின் மாற்றத்தில் ஓசையின்றி உள்ளே வந்தது.

இன்று அந்தப் பேரேடு எப்படி விற்கப்படுகின்றது தெரியுமா? ஏலம்! ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கின்றீர்கள். பக்கம் முழுதாகத் தோன்றுமுன், நொடியின் ஒரு சிறு பகுதிக்குள், உங்களுக்கு விளம்பரம் காட்டும் உரிமை ஏலத்திற்கு விடப்படுகின்றது. நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றீர்கள், எந்தக் கருவியில், ஏறத்தாழ எந்த ஊரில் என்பன பல நிறுவனங்களுக்கு அறிவிக்கப்படுகின்றன. ஏலம் எடுப்பவன் ஒருவன். எடுக்காதவர்களோ, சரக்கைப் பார்த்துவிட்டுப் போகின்றார்கள். மாட்டுச் சந்தையில்கூட, மாட்டுக்குத் தெரியும் தன்னைப் பல்பிடித்துப் பார்க்கின்றார்கள் என்று.

"நான் எளியவன், என்னிடம் மறைக்க என்ன இருக்கின்றது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர், மகளின் படிப்புக்காக வாங்கிய கடனை அடைக்க வழி உண்டா என்று கைப்பேசியில் தேடினார். வழி வரவில்லை, மேலும் கடன் தருவதாக விளம்பரம் வந்தது. செய்தி படித்தாலும் வந்தது, சமையற்குறிப்பு பார்த்தாலும் வந்தது. பணக்காரனின் ஆசையை அறிந்தால் அவனுக்குக் கார் விற்பார்கள். ஏழையின் இடுக்கணை அறிந்தால் இடுக்கணையே பெரிதாக்கி விற்பார்கள். வாக்குச்சாவடியில் மறைப்பு வைத்திருக்கின்றோமே, எதற்காக? பண்ணையாரின் பார்வை வாக்குச்சீட்டின்மீது படக்கூடாது என்பதற்காக அன்றோ! வாக்களிக்க மறைவு வேண்டுமென்றால், வாக்கை முடிவுசெய்யப் படிக்கின்ற படிப்புக்கு மறைவு வேண்டாமா?

"விளம்பரம் இல்லாமல் ஏடு நடக்குமா?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. நம் ஏட்டிலும் விளம்பரம் உண்டு. பற்பொடி விளம்பரம் தந்தவர், ஏட்டை வாங்கியவரின் பின்னாலேயே அவர் வீட்டுக்குள் வந்ததுண்டா? படிக்கும் பொருளுக்கேற்ற விளம்பரம் வேறு. படிப்பவனை வேவு பார்த்துத் தரும் விளம்பரம் வேறு. நெதர்லாந்து நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனம், 2020இல் தன் இணையப் பக்கங்களின் விளம்பரங்களுக்குக் குக்கீயைக் கைவிட்டது. அடுத்து வந்த மாதங்களில் விளம்பர வருவாய் உயர்ந்தது. வேவு பார்த்த தரகனின் பங்கு மிச்சம்!

இனி, நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய இடத்திற்கு வருகின்றேன். "என்னைப் பின்தொடராதே" என்று உலாவியே ஒவ்வொரு பக்கத்திற்கும் சொல்லிவிடும் ஏற்பாடு ஒன்று 2009இல் முன்மொழியப்பட்டது. 2011இல் அதற்கென்று குழு அமைத்து விதி வகுக்க முயன்றார்கள். வேண்டுகோள் செல்லும், ஏற்பதும் ஏற்காததும் பெறுபவன் விருப்பம். அதாவது, மனு! 2012இல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் அந்த மனுவைத் தானாகவே அனுப்பும்படி வைத்தபோது, "மக்கள் தாமே கேட்காததை மதிக்கமாட்டோம்" என்றார்கள் விளம்பரக்காரர்கள். 2019 ஜனவரியில் அந்தக் குழு கலைந்தது. அதே ஆண்டு ஆப்பிள் அந்த ஏற்பாட்டைத் தன் சஃபாரி உலாவியிலிருந்து நீக்கியது. ஆளை அடையாளம் காண அந்த மனுவே ஒரு குறியாகப் பயன்படக்கூடும் என்பது சொல்லப்பட்ட காரணம். பின்தொடராதே என்று வேண்டியவனை, வேண்டியதையே அங்கமச்சமாகக் கொண்டு பின்தொடரலாமாம்!

மனு தோற்ற இடத்தில் தாழ்ப்பாள் வென்றது. 2019 செப்டம்பரில் ஃபயர்ஃபாக்ஸ், பின்தொடரும் குக்கீகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. 2020 மார்ச்சில் சஃபாரி மூன்றாம் ஆளின் குக்கீ அனைத்தையும் தடுத்தது. உலகில் பாதிக்கும் மேற்பட்டோர் கையாளும் குரோம்? இரண்டு ஆண்டில் நிறுத்திவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகிள் உறுதி கூறியது. பிறகு நாள் தள்ளியது, மீண்டும் தள்ளியது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடம் தனியாகக் கேட்பதும் இல்லை என்று 2025 ஏப்ரலில் அறிவித்தது. வருவாயின் பெரும்பகுதியை விளம்பரத்திலிருந்து பெறும் நிறுவனம், விளம்பரத்திற்குத் தாழ்ப்பாள் போடும் என்று எதிர்பார்த்தோமே, நம்மை என்ன சொல்வது!

சட்டத்தால் முடியுமா? சட்டம் இருந்தும் ஏமாற்று உண்டு. ஐரோப்பாவில் ஒப்புதல் கேட்டாகவேண்டும் என்று விதித்தார்கள். உடனே, ஏற்க ஒரே பொத்தான், மறுக்கப் பல பொத்தான்கள் என்று வைத்தார்கள். அதற்காகத்தான் பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் கூகிளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோ அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. நம் நாட்டில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிமனிதத் தரவுக் காப்புச் சட்டம் நிறைவேறியது. குழந்தைகளைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் அதில் தடுக்கப்பட்டுள்ளன. நல்லது. வயதுவந்தோர்க்கு ஒப்புதல் என்ற பொத்தான்தான். அரசோ, தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள அதே சட்டத்தில் வழி வைத்துக்கொண்டது. ஏற்பதைப் போலவே மறுப்பதும் ஒரே பொத்தானில் முடியவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும், உரக்கக் கேட்கவேண்டும்.

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் சொல்லவேண்டும். நம் கிளைகள் நடத்தும் இணையப் பக்கங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். விருப்பம் தெரிவிக்கும் பொத்தானை ஒன்றில் ஒட்டியிருக்கின்றார்கள். வருகை எண்ணும் நிரலை இன்னொன்றில் இலவசமாகக் கிடைத்ததென்று சேர்த்திருக்கின்றார்கள். நம் கொள்கையை யார் யார் வந்து படிக்கின்றார்கள் என்ற குறிப்பை நாமே அயலானுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றோம். படிப்பகத்து வாசலில் வேவுக்காரனுக்கு நாற்காலி போட்டவர்கள் நாமே! அவற்றை இந்த வாரமே நீக்குங்கள்.

உலாவியில் செய்யவேண்டியது சிறிய வேலை. ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்போர் பாதுகாப்பை 'கடுமை' என்ற நிலைக்கு மாற்றுங்கள்; யூபிளாக் ஆரிஜின் என்ற இலவசத் தடுப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரோமை விட முடியாதவர்கள், அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தடுக்கலாம். முகவரிகளை மாற்றி மாற்றி நுழையும் தந்திரங்கள் இன்னும் உண்டு. எல்லாம் இதனால் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும், மாணவரணித் தோழர்கள் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். கைப்பேசியோடு வாருங்கள். கண்ணாடி மறந்து வந்த பெரியவர்களுக்கு அவர்களே செய்து தருவார்கள். இதை ஏட்டில் படிக்கின்றவர்கள், வீட்டில் படிக்கின்ற பிள்ளையை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும்.