வகுத்துப் பாராது அறிதல்



திருகோணமலைத் துறைமுகப் பண்டசாலை ஒன்றிலே பன்னிரண்டு மூட்டைகளை வரிசையாக அடுக்க வேண்டும் என்று கொள்வோம். மும்மூன்றாக நான்கு வரிசை அமைக்கலாம்; ஆறாறாக இரண்டு வரிசையும் அமைக்கலாம். மேலும் ஒரு மூட்டை வந்து சேர்ந்து பதின்மூன்று ஆகிவிட்டாலோ, சமவரிசைகள் அமையா. இவ்வாறு ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணை இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண் என்னும். தமிழகத்தார் பகா எண் என்பர்.

சிறிய எண்ணாயின் வகுத்துப் பார்த்தே முடிவு கூறலாம். பெரிய எண்ணாயின் என் செய்வது? 127 இரண்டுகளைத் தம்முள் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் 39 இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கும். வினாடிக்கு நூறு கோடி முறை வகுக்கும் பொறியொன்று, தேவையான எல்லை வரை ஒவ்வோர் எண்ணாலும் அதனை வகுத்துப் பார்க்குமாயின், நானூறு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். ஆயினும், கணினி தோன்றாத 1876ஆம் ஆண்டிலேயே, அது முதன்மை எண்ணே என்று பிரெஞ்சு அறிஞர் எதுவார் லூக்கா நிறுவினார்.

அவர் வழியைப் பின்னர் லேமர் என்னும் அமெரிக்க அறிஞர் எளிமையாக்கினார். அதனைச் சிறிய எண்ணிலே காண்போம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. இனி, நான்கிலே தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழிக்க 14 வரும்; மீண்டும் அவ்வாறு செய்ய 194; மீண்டும் செய்ய 37,634. ஐந்துக்கு இரண்டு குறைவாக மூன்றே படிகள். இறுதி எண் 31ஆல் மீதியின்றி வகுபடுகின்றது; ஆதலால் 31 முதன்மை எண். அந்த 39 இலக்க எண்ணுக்கோ 125 படிகள் போதும்.

எனினும் இம்முறை இவ்வகை எண்களுக்கே உரியது. எந்த எண்ணுக்கும் பொருந்துவதாய், ஐயத்துக்கு இடமின்றி விரைந்து முடிவு கூறுவதாய் ஒரு முறை உண்டா என்ற வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது. 2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டிலேதான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்னும் மாணவர் இருவரும் அதற்கு விடை கண்டனர். உலகம் வியந்தது. 2006ஆம் ஆண்டில் மூவருக்கும் கோடெல் பரிசு வழங்கப்பட்டது.

இதனால் நமக்கு என்ன என்று சிலர் வினவலாம். ஓர் எண் முதன்மை எண்ணா என்று அறிவது எளிது. இரு பெரிய முதன்மை எண்களின் பெருக்கத்தைப் பிரித்தறிவதோ மிக அரிது. வங்கிச் செய்திகளைப் பிறர் அறியாது அனுப்பும் முறைகள் பல இவ்வேறுபாட்டையே அரணாகக் கொண்டுள்ளன.

உழைப்பால் நூற்றாண்டுகளிலும் முடியாதது சிந்தனையால் முடிகின்றது. அதற்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்க வருவது 127. இன்றிரவே பிள்ளைகள் தாளும் பென்சிலும் கொண்டு அதனைச் சோதித்துப் பார்க்கலாம். படிதோறும் 127ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண்கள் பெருகா. ஐந்தாம் படியிலே மீதி என்னவென்று அவர்களே கண்டு கூறட்டும்.