கோதுமைக் காட்டில் எழுந்த ஆஸ்பத்திரி

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆஸ்பத்திரி. அதுவும் நம் பக்கத்து ஆஸ்பத்திரியல்ல. கனடா தேசத்தில் சஸ்காச்சுவான் என்னும் மாகாணத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியும் கோதுமையுமாய்க் கிடக்கும் பூமியில், சின்னஞ்சிறு ஊர்களில் எழுந்த ஆஸ்பத்திரி. எங்கோ கிடக்கும் ஊரின் கதை நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். பெரும் பணக்காரனோ கொடைவள்ளலோ இல்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்பது எல்லா ஊராரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. ஆதலால் சொல்லுகிறோம்.

அந்த மாகாணம் ஏற்பட்டது 1905-இல். பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர் நிலம் என்று சர்க்கார் கூப்பிட்டது. பல தேசத்து ஏழைக் குடியானவர்கள் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். புல்தரையைக் கட்டிகட்டியாய் வெட்டி அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். குளிர்காலத்திலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும். நிலம் கிடைத்தது, டாக்டர் கிடைக்கவில்லை. பிரசவத்தில் உயிருக்குப் போராடும் பெண்ணைப் பனிக்கு நடுவே குதிரை வண்டியில் எத்தனை மைல் கொண்டுபோவது? வழியிலேயே முடிந்துபோன உயிர்களுக்குக் கணக்குண்டா?

ஆரம்பத்தில் சில ஊர்களில் கன்னியாஸ்திரீகளும், மிஷன்காரர்களும், நர்சுகளின் சங்கங்களும் சிறு ஆஸ்பத்திரிகளை நடத்தினார்கள். அவர்கள் செய்த உழைப்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தர்மத்தின் யோக்கியதை என்ன? கொடுப்பவன் மனம் வைத்த ஊருக்குக் கிடைக்கும். மனம் வைக்காத ஊருக்குக் கிடைக்காது. வாங்குகிறவனுக்கு அதில் நன்றி சொல்லும் பாத்தியதை உண்டே தவிர, கேட்கும் பாத்தியதை கிடையாது.

முதல் உலக யுத்தம் தொடங்கிய சமயம். ஹோல்ட்பாஸ்ட் என்ற ஊரைச் சேர்ந்த சார்னியா கிராமப் பஞ்சாயத்தார், இருந்த ஒரே டாக்டரும் போய்விடுவாரோ என்று பயந்தார்கள். சாமிக்கு நேர்ந்துகொண்டு சும்மா இருந்துவிடவில்லை. ஊர் வரிப்பணத்திலிருந்து ஆண்டுக்கு 1500 டாலர் தருகிறோம், இங்கேயே இரும் என்றார்கள். டாக்டர் இருந்தார். அப்படிக் கொடுக்கச் சட்டத்தில் அப்போது இடமில்லை. பின்னால் சட்டமே அவர்களுக்குத் தக்கபடி திருந்திற்று. 1916-இல் கூட்டு ஆஸ்பத்திரிச் சட்டம் வந்தது. அதாவது, ஒரு பஞ்சாயத்தால் முடியாததை அண்டையிலுள்ள நாலு பஞ்சாயத்துகள் கூடி, கடன் வாங்கிக் கட்டி, நிலவரியால் நடத்தலாம் என்பது. சேர்ந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி வந்தது.

அப்புறம் 1930-க்குப் பின் மழை பொய்த்தது, கோதுமை விலை விழுந்தது. டாக்டருக்குக் கோழியும் விறகுமே கூலியாயின. அப்போதும் ஜனங்கள் கூட்டு முறையை விடவில்லை, இன்னும் பெரிதாக்கினார்கள். 1946 ஜூலை முதல் தேதி ஸ்விப்ட் கரண்ட் வட்டாரத்தில், ஜனங்களே ஓட்டுப்போட்டு ஒப்புக்கொண்டபடி, எல்லோருக்கும் வைத்தியம் என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. 1947 ஜனவரியில் மாகாணம் முழுவதற்கும் ஆஸ்பத்திரித் திட்டம் வந்தது. தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர். குடும்பத்துக்கு எவ்வளவு பெரிதானாலும் 30 டாலருக்கு மேல் இல்லை.

அதைக் கொண்டுவந்த முதன்மந்திரி டாமி டக்ளஸ் ஒரு பாதிரியார். பையனாயிருந்தபோது அவருக்குக் காலில் எலும்பு நோய். பணமில்லாத வீடு, காலை வெட்டவேண்டியதுதான் என்றிருந்த நிலையில், மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் இலவசமாய்ச் செய்கிறேன் என்று ஒரு டாக்டர் முன்வந்தார். கால் பிழைத்தது. இதை ஆண்டவன் கருணை என்று அவர் அத்துடன் விட்டிருக்கலாம். அதிர்ஷ்டம் இல்லாத பையனின் கால் என்னாவது என்று யோசித்தார். அந்த யோசனைக்குப் பெயர்தான் பகுத்தறிவு!

1962 ஜூலையில் டாக்டர் செலவும் பொதுவிலிருந்தே என்று சட்டம் அமுலுக்கு வந்தபோது, டாக்டர்களில் பெரும்பாலோர் 23 நாள் கதவை மூடினார்கள். ஜனங்களோ சில ஊர்களில் தாங்களே கூடி வைத்தியசாலை திறந்தார்கள். பிரிட்டனிலிருந்தும் டாக்டர்கள் வந்தார்கள். கடைசியில் சட்டம் நின்றது. 1966-இல் கனடா சர்க்காரே அதற்குச் சட்டம் செய்தது.

இதெல்லாம் பெருமை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் யோக்கியர்களல்ல. அந்தப் பூமிக்கு முதல் சொந்தக்காரர்களான பூர்வகுடி மக்களுக்கு என்ன கிடைத்தது? 1936-இல் போர்ட் கப்பெல் என்னுமிடத்தில் அவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி திறந்தார்கள். காய்ச்சலுக்கு ஜாதியுண்டா? காசநோய்க்கு நிறம் தெரியுமா? தெரியாது. மனிதனுக்குத்தான் தெரிந்திருக்கிறது! ‘எல்லோருக்கும்’ என்று எழுதிவைத்துச் சிலரை வேறு வாசலில் நிறுத்தினால் அது எல்லோருக்கும் ஆகாது.

இன்னொன்று. 1993-இல் செலவைக் குறைப்பதென்று மாகாண சர்க்கார் 52 சிறிய ஆஸ்பத்திரிகளின் படுக்கைகளை எடுத்துவிட்டது. பாட்டன் வரி கொடுத்து எழுப்பிய கட்டிடத்தைப் பேரன் வெறும் சுகாதார நிலையமாய்ப் பார்த்தான். இன்றைக்கும் ஆள் போதாமல் அவசர சிகிச்சையை அவ்வப்போது நிறுத்திவைக்கும் சின்ன ஊர்கள் அங்கே உண்டு. பெரிய பட்டணத்தில் நல்ல வைத்தியம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லுகிறார்கள். பனி கொட்டும் இரவில் மாரடைப்பு வந்தவனுக்குப் பட்டணம் எவ்வளவு தூரம் என்பதைச் சமாதானம் சொல்லுகிறவர்கள் கணக்கிடவேண்டும்.

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுவது இதுதான். ஆஸ்பத்திரி யாருடைய தயவாலும் முளைப்பதல்ல. ஆரோக்கியமாயிருக்கிறவன் நோயாளிக்காகப் பணம் போடச் சம்மதிக்கும்போதுதான் அது உண்டாகிறது. நாளைக்கு நோயாளி தானேதான் என்ற அறிவு வந்தால் சம்மதம் தானே வரும். கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. அதன் வாசலில் யாரையும் தனியே நிறுத்தாமலும், ஓசையில்லாமல் மூடிவிடாமலும் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு தலைமுறையின் வேலை.