போட்டுக்கு எந்தக் காப்பி ஃபில்டர் வாங்கலாம்?

போன வீடியோவுல போட்டு அடுப்பைப் பத்திப் பேசினேன். கீழ வந்த கேள்வியில பாதி காப்பியைப் பத்தித்தான். "தங்குகடல் போறோம் அண்ணே, நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிப்போம். ராத்திரி ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குக் காப்பி இல்லாம முடியாது. எது வாங்கினாலும் சீக்கிரம் துருப்பிடிச்சுப் போகுது. எதை வாங்க?"ன்னு நாகப்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு.

முதல்லயே சொல்லிடுறேன். கண்ணாடி வேண்டாம், கரண்ட் வேண்டாம், கழண்டு போற பாகம் கம்மியா இருக்கணும். அப்படிப் பார்த்தா நம்ம எவர்சில்வர் டிகாஷன் ஃபில்டரை விடக் கடலுக்குத் தோதான சாமான் கிடையாது. ரப்பர் இல்ல, ஸ்பிரிங் இல்ல, வயர் இல்ல.

"இன்வெர்ட்டர் இருக்கே"ன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. கணக்குப் பாருங்க. காப்பி மெஷின் 800, 1000 வாட்ஸ் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியில 1000 வாட்ஸ்னா 80 ஆம்பியருக்கு மேல. அதே பேட்டரியிலதான் வயர்லெஸ், ஜிபிஎஸ், ராத்திரி லைட் எல்லாம் ஓடுது. நான் சமையல் பார்த்த ஒரு போட்டுல ஓனர் வீட்டுல ஆசையா ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தாங்க. உப்புக் காத்துல பிளக் பின்னு பச்சை பூத்துப் போச்சு. அப்புறம் ஒரு ராத்திரி போட்டு ஒரு பக்கமா சாஞ்சப்ப அதோட கண்ணாடி ஜக்கு பறந்து வந்து அரிசி மூட்டை மேல நொறுங்கிச்சு. டார்ச் அடிச்சு அரிசியில சில்லு பொறுக்கினோம். எல்லாரும் வெறுங்கால்ல நடக்கிற இடம் அது. திரும்பவும் சொல்றேன், கண்ணாடி வேண்டாம்.

அடுத்தது, "காந்தம் ஒட்டலைன்னா நல்ல ஸ்டீல்தானே?" இல்லங்க, இல்ல! 202ன்னு ஒரு மலிவான ஸ்டீல் இருக்கு. அதுலயும் காந்தம் ஒட்டாது. அதுல நிக்கல் கம்மி, உப்புக் காத்துக்குச் சீக்கிரம் புள்ளி விழும். பாத்திரத்து அடியில 304 இல்லன்னா 18/8ன்னு அச்சு இருக்கான்னு பாருங்க. 316 கிடைச்சா இன்னும் நல்லது, அதுல மாலிப்டினம் சேர்த்திருக்கு, உப்பைத் தாங்கும். ஆனா விலை கூட, ஃபில்டர்ல தேடிப் பிடிக்கிறதும் கஷ்டம். 304 போதும்.

கடையில இன்னொண்ணும் பாருங்க. அழுத்துற தட்டைக் கையில எடுங்க. காம்பு தட்டோட சேர்ற இடத்தை விரலால தடவிப் பாருங்க. ஒட்டவச்ச இடம் சொரசொரன்னு, இடுக்கு விட்டு இருந்தா வாங்காதீங்க. உப்பு போய் உட்கார்றது அங்கதான், முதல் துரு வர்றதும் அங்கதான். மேல் டப்பா கீழ் டப்பாவுல இறுக்கமா உட்காரணும், லொடலொடன்னு ஆடக் கூடாது.

பித்தளை ஃபில்டர் வீட்டுக்கு அழகு, கடலுக்கு வேண்டாம்.

"மோகா பாட்?"னு ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, அவங்க அண்ணனுக்காக. நல்ல சாமான்தான் தங்கச்சி. இத்தாலியில 1933ல வந்தது அலுமினியத்துல. உப்புத்தண்ணி பட்டா அலுமினியம் வெள்ளையாப் பூத்து அரிச்சுப்போகும். ஸ்டீல்ல செஞ்சதா வாங்குங்க, ரப்பர் வளையம் ரெண்டு கூடுதலா வாங்கிக் கொடுத்தனுப்புங்க. நடுக்கடல்ல ரப்பர் போச்சுன்னா அது வெறும் டப்பா.

"போட்டு ஆடுற ஆட்டத்துல ஃபில்டர் சாஞ்சுடாதா?" சாயும். அதனால ஃபில்டரை ஒரு ஆழமான பாத்திரத்துக்குள்ள இறக்கி, சுத்தி ஈரத்துணியை அடைச்சு வைங்க. சாயங்காலமே டிகாஷன் இறக்கி ஸ்டீல் ஃபிளாஸ்க்ல ஊத்திடுங்க. பால் கலக்காம வைங்க. ராத்திரி சுடுதண்ணி, பால் பவுடர் கலந்தாப் போதும்.

இப்ப நான் எத்தனை தடவை சொன்னாலும் காதுல வாங்காத விஷயத்துக்கு வர்றேன். ஃபில்டரைக் கடல் தண்ணியில கழுவினா அப்படியே கவுத்து வைக்காதீங்க! எந்த ஸ்டீலா இருந்தாலும் சரி. கடல் தண்ணி காஞ்சதும் உப்பு அந்தச் சின்னச் சின்ன ஓட்டையில தங்கிடும், அப்புறம் அரிக்க ஆரம்பிக்கும். நல்ல தண்ணி அருமைன்னு எனக்கும் தெரியும். அரை டம்ளர் ஊத்தி அலசுங்க, துணியால துடைங்க, பாகம் பாகமாப் பிரிச்சு வைங்க. அரை டம்ளர்தான் கேக்கிறேன்.

காப்பி போடுறவங்க எல்லாருக்கும் இன்னொண்ணு. சமையல் கேஸ் காத்தை விடக் கனம். கசிஞ்சா மேல போகாது, போட்டோட அடிப்பள்ளத்துல போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். காப்பி இறக்கினதும் அடுப்புத் திருகை மட்டும் அணைச்சாப் பத்தாது, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்க. இது உயிர் விஷயம், தயவுசெஞ்சு அலட்சியமா இருக்காதீங்க.

கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஃபில்டர் கழுவாம போட்டுலயே கிடந்தா எந்தக் கம்பெனி ஃபில்டரும் தாங்காது. வலையைக் கரைக்குக் கொண்டு வர்றீங்க இல்ல, ஃபில்டரையும் கையோட கொண்டு வாங்க. வீட்டுல வெந்நீர்ல கொதிக்கவிட்டு, ஓட்டையெல்லாம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அழுத்துற தட்டுல துருப் புள்ளி இருந்தா, திரும்பக் கடலுக்குப் போறதுக்குள்ள வேற வாங்கிடுங்க.