சோழன் ஒதுக்கிவைத்த இடம்

கையில் கரும்பு ஏந்தி நிற்கும் தண்டாயுதபாணியின் மலையடியில், வெங்காய வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் செட்டிகுளத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நான் பேச வந்தது அந்தப் பின்வரிசைக்காக. மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகளை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் ஒரு வகை உண்டு. இரண்டு ஆண்கள் சேர்ந்து பயணம் போவார்கள். போகிற வழியில் ஒருவர்மேல் ஒருவருக்குக் காதல் வரும். சில கதைகள் சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். படித்த பிள்ளை அதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் கேலி, இல்லாவிட்டால் வசவு. "அது வெறும் நட்புதாண்டா" என்று மழுப்புகிறவர்களும் உண்டு. இந்த மூன்றையும்விட மேலான வழி ஒன்றை நம் முன்னோர் காட்டியிருக்கிறார்கள்.

இங்கிருந்து பஸ் ஏறித் திருச்சிக்குப் போனால் உறையூர். அங்கிருந்து நாடாண்டவன் கோப்பெருஞ்சோழன். குறுந்தொகையில் காதல் பாடிய புலவனும் அவன்தான். அவனுடைய நண்பரான புலவர் ஆந்தையாரோ பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊர்க்காரர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வடக்கே பறக்கும் அன்னச்சேவலைக் கூப்பிட்டு, வழியில் உறையூரில் இறங்கி என் பெயரைச் சொல், உன் பேடைக்கு அணிகலன் தருவான் என்று பாடுகிறார் ஆந்தையார். சோழனோ, அவன் தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் என் பெயரைத்தான் சொல்வான் என்கிறான். பெற்ற பிள்ளைகளே போருக்கு நின்றபோது மனம் வெறுத்து, உண்ணாமலிருந்து உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தான் அந்த அரசன். அப்போது பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். பாண்டிய நாடு எங்கே, சோழ நாடு எங்கே, அவர் வரவா போகிறார் என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். ஆந்தையார் வந்தார். தாமும் வடக்கிருந்தார்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அருகிலிருந்து பார்த்த புலவர் பொத்தியார் என்ன செய்தார்? வியந்தார். அரசன் துணிந்ததற்கு வியந்தார், ஆந்தையார் வந்ததற்கு அதைவிட வியந்தார், வருவான் என்று சோழன் சொன்ன சொல் பொய்க்காததை நினைத்து நினைத்து வியந்தார். நூற்றாண்டுகள் கழித்துக் குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகர், நட்பு அதிகாரத்தில் இந்த இருவரையே எடுத்துக்காட்டினார். பாரதிதாசன் நாடகமாக்கினார், அந்தப் 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு 1969இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. அவர்களைக் காதலர்கள் என்று நான் சொல்லவில்லை. பாட்டில் இல்லாததை ஏற்றிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவர்களைக் கண்டவர்களையும் கேட்டவர்களையும் பற்றித்தான் சொல்கிறேன். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்காக வழிநடந்து வந்ததைக் கண்டு அவர்களுக்குக் கூசவில்லை. மனசு நிறைந்தது.

மறுபடி மாங்காவுக்கு வருகிறேன். ஜப்பானில் ஆண்களுக்கிடையிலான இந்தக் காதல் கதைகளை 1970களில் வளர்த்தவர்கள் ஹகியோ மோட்டோ, தகேமியா கெய்க்கோ போன்ற பெண் ஓவியர்கள். விரும்பிப் படித்தவர்களிலும் பெண்களே மிகுதி. 1992இல் சாத்தோ மசாக்கி என்பவர் எதிர்ப்பு எழுப்பினார். ஆண்மேல் காதல் கொள்ளும் ஆண் அவர். எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கை உங்கள் பொழுதுபோக்கா என்பது அவர் கோபம். அதையொட்டிப் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. அந்தக் கோபம் நியாயமானது. கதையை ரசித்துவிட்டு, அதேபோல் வாழும் மனிதர் எதிர்வீட்டில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது ரசனையே அல்ல.

அந்தக் கோபத்துக்குப் பதில் போல ஒரு படைப்பு 2014இல் தொடங்கியது. தகாமே கெங்கொரோ வரைந்த 'என் தம்பியின் கணவர்'. இறந்துபோன தன் கணவன் பிறந்த ஊரைப் பார்க்கக் கனடாவிலிருந்து மைக் வருகிறான். கதவைத் திறக்கும் யாயிச்சி, இறந்தவனின் அண்ணன், தடுமாறுகிறான். அவன் சின்ன மகள் கானா மட்டும், பெரியவர்கள் விழுங்கிவிடும் கேள்விகளை நேராகக் கேட்கிறாள். அவள் கேட்கக் கேட்க அப்பன் மாறுகிறான். 2018இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருது இந்தக் கதைக்குக் கிடைத்தது.

அதே 2018, செப்டம்பர் 6 அன்றுதான், ஒரே பாலைச் சேர்ந்த வயது வந்த இருவர் மனமொத்து வாழும் உறவு குற்றமல்ல என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து ஒன்றாக வாழ்ந்த இரு பெண்களின் வழக்கு உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இத்தகைய உறவைப் பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் தீர்ப்பு எழுதினார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நாம் ஏன் கூடாது?

ஆகவே பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்தில் மேடையைப் பின்வரிசைக்குக் கொடுங்கள். எந்தக் கதையைப் படித்தார்கள், எந்தப் பக்கத்தில் அழுதார்கள், எது பொய்யாகப் பட்டது என்று அவர்களே சொல்லட்டும். பெயர் சொல்லத் தயங்கும் பிள்ளை எழுதிக் கொடுத்தால் நான் வாசிக்கிறேன். பேசியதற்காக எந்தப் பிள்ளையும் வீட்டில் ஏச்சு வாங்கக் கூடாது. அதற்கு இங்கே முன்வரிசையில் இருக்கும் நீங்கள்தான் பொறுப்பேற்க வேண்டும்.